கீவேர்டுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார்?

கூகுளில் விளம்பரம் கொடுப்பது இப்போது மிக எளிது. ஒரு ஜிமெயில் முகவரி, பணம் கட்ட ஒரு கார்டு, அரை மணி நேரம் இருந்தால் போதும். விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும். கூடவே பணமும் ஓடத் தொடங்கிவிடும். அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் விழிப்பவர்கள் நிறையப் பேர். அப்படி விழித்தவர்களில் என் மாமாவும் ஒருவர். அவரை விழிக்க வைத்தவன் நான்.

மாமாவுக்குக் கோவை கணபதியில் சின்னக் கடை. வெட் கிரைண்டர், மிக்ஸி ரிப்பேர் செய்கிறார். முப்பது வருடத் தொழில். முன்பெல்லாம் தெரிந்தவர் சொல்லித் தெரியாதவர் வருவார். இப்போது தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பக்கத்து வீட்டில் கேட்பதில்லை, மொபைலில் தேடுகிறார்கள். "நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்கற, நம்ம கடையும் அதுல வர்ற மாதிரி பண்ணிக் குடு மாப்ளே" என்றார். நானும் இன்ஜினீயரிங் படித்தவன், தினமும் கோடு எழுதுகிறவன், இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூகுள் ஆட்ஸில் ஒரு கணக்குத் தொடங்கினேன். (2018 வரை இதற்கு ஆட்வேர்ட்ஸ் என்று பெயர். பழைய புத்தகங்களில் அந்தப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.)

கீவேர்டு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூகுளில் யாராவது குறிப்பிட்ட சொல்லைத் தேடும்போது நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கும் சொல்தான் கீவேர்டு. விளம்பரத்தை யாராவது கிளிக் செய்தால் நம் பணத்திலிருந்து ஒரு தொகை கழியும். எந்தச் சொல்லை மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்ட கீவேர்டு பிளானர் என்ற வசதியும் அங்கேயே இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்த்தேன். "வெட் கிரைண்டர்" என்ற சொல்லுக்குத்தான் எண்ணிக்கை எக்கச்சக்கம். "கிரைண்டர் ரிப்பேர்" அதன் முன் தூசு. அதிகம் பேர் தேடும் சொல்லில் நின்றால் அதிகம் பேர் கடைக்கு வருவார்கள். கணக்கு சரிதானே? "வெட் கிரைண்டர்", "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்", "டேபிள் டாப் கிரைண்டர்" என்று பெரிய எண்ணிக்கை உள்ள சொற்களாகப் பொறுக்கிப் போட்டேன். நாளுக்கு 300 ரூபாய். ஊர் கோயம்புத்தூர். கிளிக்கினால் நேரே மாமாவின் போனுக்கு அழைப்பு போகும்.

இருபது நாள் கழித்து மாமா கூப்பிட்டார்.

"மாப்ளே, போனெடுத்து எடுத்துக் கையே வலிக்குது. வேல மட்டும் ஒண்ணும் ஆவல. உன்ர கூகுளு என்ர கடைய விட்டுட்டு வேற யாருக்கோ ஆள் புடிச்சுக் குடுக்குதாட்ட இருக்குது."

6,000 ரூபாய் செலவாகியிருந்தது. வந்த வேலைகள் நான்கு. அதில் கிடைத்தது 1,800 ரூபாய். கடை வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணம் அது என்று அத்தை பிறகு சொன்னார். மாமா சொல்லவில்லை.

நல்ல வேளையாக மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரும் அழைப்பை எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டை வாங்கிப் படித்தபோதுதான் நான் செய்த தவறு எனக்குத் தெரிந்தது. மொத்தம் 58 அழைப்புகள். புது கிரைண்டர் என்ன விலை என்று கேட்டவர்கள் 19 பேர். ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி "கஸ்டமர் கேர்தானே?" என்று கேட்டவர்கள் 14 பேர். வெளி மாநிலத்திலிருந்து மொத்த விலை கேட்டவர்கள் 9 பேர். "மோட்டார் உறுமுது, ஆனா சுத்தல, என்ன பண்றது?" என்று இலவச யோசனை கேட்டவர்கள் 7 பேர். பழைய கிரைண்டரை விற்க வந்தவர்கள் 3 பேர். ரிப்பேருக்காகவே அழைத்தவர்கள் 6 பேர்தான். அந்த 6 பேரில் ஒருவர் பொள்ளாச்சி, ஒருவர் திருப்பூர்.

இந்த 58 பேரும் கூகுளில் கிட்டத்தட்ட ஒரே சொல்லைத்தான் தேடியிருக்கிறார்கள். ஆனால் தேடிய நோக்கம் ஆறு விதம். சொல்லுக்குத்தான் நான் பணம் கட்டினேன். நோக்கத்தைப் பார்க்கவே இல்லை.

நோக்கம் என்பது என்ன?

ஆங்கிலத்தில் இதை சர்ச் இன்டென்ட் என்கிறார்கள். தேடுதல் கட்டத்தில் டைப் செய்யும் சொல்லுக்குப் பின்னால் அந்த ஆள் எதைச் செய்து முடிக்க நினைக்கிறார் என்பதுதான் இன்டென்ட். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. ஆந்த்ரே பிரோடர் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 2002-லேயே இது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் ஆல்டாவிஸ்டா என்ற தேடுதல் தளத்தில் பணியாற்றியவர் அவர். (கூகுள் பிரபலமாகும் முன் எல்லோரும் அதில்தான் தேடினார்களாம். 2013-ல் அதை மூடிவிட்டார்கள்.) அந்தத் தளத்தில் மக்கள் தேடிய சொற்களை எடுத்துப் பார்த்து, மூன்று வகையாகப் பிரித்தார். ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது முதல் வகை. ஏற்கெனவே மனத்தில் இருக்கும் ஒரு தளத்துக்குப் போய்ச் சேரத் தேடுவது இரண்டாவது. பொருள் வாங்குவது, பைல் டவுன்லோட் செய்வது போல ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்கத் தேடுவது மூன்றாவது. அவர் ஆராய்ந்த தேடுதல்களில் முதல் வகை சுமார் 48 சதவீதம், இரண்டாவது 20, மூன்றாவது 30 சதவீதம்.

அதாவது தேடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எதையும் வாங்க வரவில்லை. விவரம் தெரிந்துகொள்ள வந்தவர்கள். அவர்களிடம் கடையை விரித்தால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பார்த்ததற்கு நாம் பணம் கட்டுவோம்.

கூகுளும் இதே வழியில்தான் யோசிக்கிறது. தேடுதல் முடிவுகள் நன்றாக இருக்கின்றனவா என்று மதிப்பிட ஆட்களை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று கூகுள் வெளியிட்டிருக்கும் வழிகாட்டியில் அறிய, செய்ய, ஒரு தளத்துக்குப் போக, ஓர் இடத்துக்கு நேரில் போக என்று நோக்கங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 2002-ல் இல்லாத அந்த நான்காவது வகை மொபைல் போனால் வந்தது. மாமாவைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சோறு போடுவது அதுதான்.

ஊர்ப் பெயர் செய்த வேலை

நோட்டில் எனக்குப் பெரிய புதிராக இருந்தது அந்த 9 பேர். கோயம்புத்தூர் என்று ஊரைத் தெளிவாகக் கொடுத்திருந்தேன். பிறகு எப்படி மும்பையிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் போன் வந்தது?

இதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் செட்டிங்ஸ். கூகுள் ஆட்ஸில் ஊரைத் தேர்ந்தெடுத்தவுடன் கீழே லொகேஷன் ஆப்ஷன்ஸ் என்று சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும். அதை விரித்துப் பார்த்தால், "பிரசென்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்" என்பது தானாகவே தேர்வாகியிருக்கும். அந்த ஊரில் இருப்பவர்களோடு, அந்த ஊரின் மேல் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டு என்று அர்த்தம். மும்பையில் உட்கார்ந்து "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்று தேடுகிறவர் கோயம்புத்தூர் மேல் ஆர்வம் காட்டுபவர்தானே! ஹோட்டலோ டிராவல்ஸோ நடத்துகிறவர்களுக்கு இந்த அமைப்பு நல்லது. ரிப்பேர் கடைக்கு இது ஓட்டைப் பாத்திரம். அடுத்துள்ள "பிரசென்ஸ்" என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். உங்கள் விளம்பரத்தில் இதைப் பார்க்கவில்லை என்றால், கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் செட்டிங்ஸில் இல்லை, சொல்லில் இருக்கிறது. "கோயம்புத்தூர் ஸ்கூல்" என்று தேடுகிறவர் கோயம்புத்தூரில் உள்ள பள்ளியைத் தேடுகிறார். "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்று தேடுகிறவர் கோயம்புத்தூரில் செய்த கிரைண்டரைத் தேடுகிறார். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, திண்டுக்கல் பூட்டு என்பது போல இங்கே ஊர்ப் பெயர் முகவரி அல்ல, தரத்தைச் சொல்லும் அடைமொழி. ஒரே ஊர்ப் பெயர், இரண்டு நோக்கம். பிளானர் காட்டும் எண்ணிக்கையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரியாது. கோவையில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியவில்லை.

நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட வரும் சொல்லைப் பார்ப்பது முதல் வழி. "எப்படி", "ஏன்" என்று வந்தால் தெரிந்துகொள்ளும் நோக்கம். "விலை", "ஆஃபர்", "ஆன்லைன்" வந்தால் வாங்கும் நோக்கம். "நியர் மீ", "கடை" அல்லது தெருப் பெயர் வந்தால் நேரில் போகும் நோக்கம். இது பாதித் தூரம்தான் உதவும். "கிரைண்டர் பெல்ட் மாற்ற" என்று ஒருவர் தேடினால் அவர் தானே மாற்றப் போகிறாரா, மாற்றித் தர ஆள் தேடுகிறாரா?

இங்கே உதவுவது கூகுளின் முடிவுப் பக்கம். கோடிக்கணக்கானோர் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியது அது. ஆகவே எந்த நோக்கம் அதிகம் என்று அதுவே நமக்குச் சொல்லிவிடும். குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்காக்னிடோ விண்டோ திறக்கும். இதில் உங்கள் பழைய தேடல்களின் செல்வாக்கு குறைவாக இருக்கும். நீங்கள் நினைத்திருக்கும் சொல்லை அதில் டைப் செய்து, எதையும் கிளிக் செய்யாமல், மேலிருந்து கீழ் வரை பொறுமையாகப் பாருங்கள்.

விலையோடு பொருள்களின் படங்கள் வரிசையாக நின்றால் வாங்க வந்த கூட்டம். யூடியூப் வீடியோக்கள் மேலே வந்தால் தானே செய்து பார்க்க வந்த கூட்டம். மேப்பும் அதன் கீழ் மூன்று கடைகளின் பெயரும் வந்தால் நேரில் போகவோ போனில் கூப்பிடவோ வந்த கூட்டம். கம்பெனியின் சொந்தத் தளம் முதலில் நின்றால், அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரும் அங்கே கடை போடுவதில் பயனில்லை. 2024-ல் இந்தியாவுக்கு வந்த ஏ.ஐ. ஓவர்வியூ சில சொற்களுக்கு மேலேயே பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறது. அப்படி வந்தால் தேடியவர் பதிலைப் படித்துவிட்டு எழுந்து போய்விட வாய்ப்பு அதிகம்.

அன்றைக்கு மாமா பக்கத்தில் உட்கார, ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தோம். "வெட் கிரைண்டர்" போட்டவுடன் வந்தது முழுவதும் புது கிரைண்டர் படங்கள், விலை. மாமா ஒரு நிமிடம் பார்த்தார். "இது பாத்திரக் கடையாட்ட இருக்குது. இங்க போயி நான் ரிப்பேருன்னு போர்டு வெச்சா எவன் வருவான்?" என்றார். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் 6,000 ரூபாயும் செலவழித்துப் புரிந்தது, அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. "கிரைண்டர் ரிப்பேர் கணபதி" என்று போட்டபோது மேப் வந்தது. "கிரைண்டர் சுத்தவில்லை" என்று போட்டால் வீடியோக்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் விளம்பரம் வருகிறதா என்று பார்க்க நீங்களே அடிக்கடி கூகுளில் தேடாதீர்கள். கிளிக் செய்யாமல் திரும்பத் திரும்பத் தேடினால் உங்கள் விளம்பரக் கணக்கின் புள்ளிவிவரம் கெடும். இதற்காகவே கூகுள் ஆட்ஸின் டூல்ஸ் பகுதியில் ஆட் பிரிவ்யூ என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் பார்த்தால் கணக்கில் சேராது.

கஸ்டமர் கேர் என்று தேடுபவர்கள்

இந்த 14 பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்களும் ரிப்பேருக்குத்தானே கூப்பிட்டார்கள், இவர்களை ஏன் விட வேண்டும் என்று நான் மாமாவிடம் கேட்டேன். கம்பெனிப் பெயரையே கீவேர்டாகப் போட்டால் இன்னும் நிறைய வருமே என்றும் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க கிரைண்டர் வாரண்டில இருக்கும். நான் தொறந்தா வாரண்டி போச்சு. அப்புறம் காசு வாங்கிட்டு ஏமாத்திட்டான்னு நாளைக்கு வந்து நிப்பாங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கஸ்டமர் கேர் எண் என்று தேடுகிறவர் ஒரே ஒரு கம்பெனியைத்தான் தேடுகிறார். போலியான கஸ்டமர் கேர் எண்களை இன்டர்நெட்டில் போட்டு வைத்துப் பணம் பறிக்கும் மோசடி நம் நாட்டில் நிறைய நடக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே போய் நிற்பது தொழிலுக்கு நல்லதல்ல. சந்தேகம் வந்துவிட்டால் மாமா எத்தனை நியாயமாக வேலை செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

சொற்களை மாற்றினோம்

பழைய கீவேர்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அடுத்து மேட்ச் டைப். சும்மா சொல்லை மட்டும் டைப் செய்தால் கூகுள் அதை பிராட் மேட்ச் என்று எடுத்துக்கொள்ளும். தொடர்புடையது என்று அது நினைக்கும் எந்தத் தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டும். சொல்லை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் பிரேஸ் மேட்ச். அந்த அர்த்தம் உள்ளே இருக்கும் தேடல்களுக்கு மட்டும். சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்தால் எக்ஸாக்ட் மேட்ச். ஏறக்குறைய அதே தேடல். சின்ன பட்ஜெட்டில் தொடங்குகிறவர்கள் பின்னிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. "கிரைண்டர் ரிப்பேர்", "கிரைண்டர் சர்வீஸ் நியர் மீ", "கிரைண்டர் மெக்கானிக்" என்று கொஞ்சம்தான் கொடுத்தோம். பிளானரில் எல்லாமே சின்னச் சின்ன எண்கள்.

பிறகு நெகட்டிவ் கீவேர்டுகள். இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்வது. கஸ்டமர் கேர், ஹோல்சேல், செகண்ட் ஹேண்ட், ஜாப், யூடியூப், பிரைஸ் என்று ஒரு பட்டியல் போட்டேன். இதில்தான் மறுபடியும் சறுக்கினேன். நான்கைந்து நாள் கழித்து ஆட் பிரிவ்யூவில் "கிரைண்டர் ரிப்பேர் பிரைஸ்" என்று போட்டுப் பார்த்தால், நெகட்டிவ் கீவேர்டு காரணமாக விளம்பரம் வரவில்லை என்றது. "பிரைஸ்" என்று தேடுகிறவர்கள் எல்லாம் புது கிரைண்டர் வாங்குகிறவர்கள் என்று நினைத்துவிட்டேன். ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவரை விடவா நல்ல வாடிக்கையாளர் வேண்டும்? அவரைத்தான் வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருக்கிறேன். "பிரைஸ்" என்ற தனிச் சொல்லை எடுத்துவிட்டு, "கிரைண்டர் பிரைஸ்" என்பதை மேற்கோள் குறிக்குள் நெகட்டிவாகக் கொடுத்தேன். இப்போது அந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வந்தால்தான் தடுக்கும். நடுவில் ரிப்பேர் வந்தால் விட்டுவிடும். நெகட்டிவ் பட்டியல்கள் இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அப்படியே காப்பி செய்து போடாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும், இதைச் சொல்லும் நல்ல வாடிக்கையாளர் யாராவது இருப்பாரா என்று ஒரு முறை யோசியுங்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் கீவேர்டு கொடுத்தால் போதாது. தமிழை 2018 முதல் கூகுள் விளம்பரங்களில் பயன்படுத்தலாம். ஆனால் நம் ஆட்கள் தமிழை மூன்று விதமாக டைப் செய்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே சிலர். ஆங்கில எழுத்தில் தமிழைச் சிலர். போனைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இன்னும் சிலர். இவர்களுடைய தேடல் "கிரைண்டர் சத்தம் வருது யாராவது சரி பண்ணுவாங்களா" என்று முழு வாக்கியமாக இருக்கும். மூன்று விதத்திலும் ஒவ்வொரு சொல்லைக் கொடுத்து வையுங்கள்.

விளம்பர வாசகமும் ஒரு வடிகட்டிதான். தலைப்புக்கு 30 எழுத்து, விளக்கத்துக்கு 90 எழுத்து இடம் தருகிறார்கள். முன்பு நான் "தரமான சேவை, நியாயமான விலை" என்று எழுதியிருந்தேன். அது எந்தக் கடைக்கும் பொருந்தும், யாரையும் வடிகட்டாது. மாமாவிடம் கேட்டேன்: "உங்களைத் தேடி அவசரமா வர்றவங்க எப்ப வர்றாங்க மாமா?" யோசிக்காமலே சொன்னார்: "அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டுட்டு சுச்சப் போட்டா ஓடாது. அப்பத்தான் வருவாங்க. சாயங்காலம்." நான் இன்டென்ட் இன்டென்ட் என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஊற வைத்த அரிசியில் காட்டிவிட்டார். புது வாசகம் இப்படி: "புது கிரைண்டர் விற்பனை இல்லை. ரிப்பேர் மட்டும். மாலையில் அழைத்தால் அன்றே வீட்டுக்கு வருவோம்." வந்து பார்க்க 150 ரூபாய் என்பதையும் சேர்த்தோம். விளம்பரம் ஓடும் நேரத்தையும் பிற்பகல் 3 முதல் இரவு 8 வரை என்று சுருக்கினேன்.

நாள் பட்ஜெட் 150 ரூபாய். இது சராசரிதான் என்பதை மறக்க வேண்டாம். தேடல் அதிகமுள்ள நாளில் கூகுள் இதைப் போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம். மாதக் கணக்கில்தான் சரிக்கட்டும். இது தெரியாமல் ஒரு நாள் 290 ரூபாய் கழிந்ததைப் பார்த்து அத்தை பதறிவிட்டார்.

இதெல்லாம் காசு கொடுத்துச் செய்வது. மேப்பில் கடையைச் சேர்க்கக் காசு வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொபைல் என்று ஒன்று இருக்கிறது. "நியர் மீ" கூட்டத்துக்கு இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். நாங்கள் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கடையின் வகையைச் சரியாகக் கொடுப்பது முக்கியம். எலக்ட்ரிகல் ஷாப் என்று கொடுத்தால் பல்பு கேட்டு வருவார்கள்.

இரண்டாவது இருபது நாளில் மொத்தச் செலவு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அழைப்புகள் 23. அதில் 13 வேலையாக முடிந்தன. முதல் முறையை விட அழைப்புகள் பாதிக்கும் குறைவு. என் அலுவலக நண்பர்களிடம் முதல் முறை "58 கால் வந்தது" என்று பெருமையாகச் சொன்னவன் நான்.

"கிரைண்டர் சுத்தவில்லை" கூட்டத்தை என்ன செய்வது? அவர்களுக்கு விளம்பரம் காட்டுவது வீண். அவர்கள் தேடுவது வீடியோ. ஆகவே மாமாவை வைத்து மொபைலில் மூன்று நிமிட வீடியோ ஒன்று எடுத்து யூடியூபில் போட்டோம். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள், நீங்களே மாற்றலாம். மோட்டார் உறுமுகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் நிற்கும், கை வைக்காதீர்கள். அவ்வளவுதான். வீடியோ பார்த்துப் பெல்ட் வாங்கக் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு பேர் வந்தார்கள் என்று மாமா சொன்னார்.

மக்கள் டைப் செய்த நிஜமான தேடல்களைக் காண, கூகுள் ஆட்ஸில் கேம்பெய்ன்ஸ் பகுதியில் இன்சைட்ஸ் அண்ட் ரிப்போர்ட்ஸ் திறந்து சர்ச் டெர்ம்ஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வாரம் ஒரு முறையாவது இதைப் பார்க்க வேண்டும். ஆனால் இதிலும் எல்லாம் தெரியாது. 2020-லிருந்து, மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமை காரணம் சொல்லிக் கூகுள் மறைத்துவிடுகிறது. சின்னக் கடைகளுக்கு வரும் தேடல்களில் நிறைய இந்த மறைந்த கணக்கில்தான் போகும். அதனால் மாமாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். போன் செய்கிறவரிடம், பேச்சோடு பேச்சாக, "கூகுள்ல என்னன்னு போட்டீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். இந்தக் கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

இப்படிக் கேட்டதில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். முதலில் "கிரைண்டர் கல் கொத்த" என்று தேடியிருக்கிறார்கள். வெறும் வீடியோவாக வந்திருக்கிறது. சலித்துப் போய் "கிரைண்டர் ரிப்பேர்" என்று தேடி மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார்கள். கல் மழுங்கிவிட்டால் மாவு நைசாக அரையாது. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். மாமா அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் யார் கல் கொத்துகிறார்கள், புதுசு வாங்கிவிடுகிறார்கள் என்பது அவர் எண்ணம். பிளானரில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடுதான் இருந்தது. எண்ணைக் காட்டும் அளவுக்குப் போதிய தரவு இல்லை என்று அதற்கு அர்த்தம்.

மாமா நோட்டை ஒரு முறை பார்த்தார், என் லேப்டாப்பை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒண்டிப்புதூரில் கல் கொத்தும் பெரியவர் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் இப்போது புதன்கிழமைகளில் கடைக்கு வருகிறார். நான் அந்தச் சொல்லை மூன்று விதமாகவும் டைப் செய்து சேர்த்துவிட்டேன். போன வாரம் ஒரு கல், அதற்கு முந்தின வாரம் இரண்டு.